ஓப்பன் சோர்ஸை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள் என்பது உண்மையா?

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன ஒருவர் கேட்ட கேள்வி இது. ஓப்பன் சோர்ஸ் கோடை, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கத் திறந்து வைத்த நிரலை, ஆயிரக்கணக்கான பேர் பார்ப்பதால் அதுதான் பாதுகாப்பு என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்களாம். அலுவலகத்தில் மேனேஜரோ, "யாரோ வீட்டில் உட்கார்ந்து எழுதினது, அதை நம்பி ப்ரொடக்‌ஷனில் ஏற்றாதே" என்கிறாராம். இதில் யார் சொல்வது சரி? அப்புறம், ரெஸ்யூமேவில் போட ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு வேண்டும், எங்கே தொடங்குவது?

இரண்டு பேரும் பாதி பாதி சரி. யாரோ வீட்டில் உட்கார்ந்து எழுதியது என்று மேனேஜர் சொன்னது பல லைப்ரரிகளுக்கு, அதாவது நம் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் பிறரின் கோடுக்கு, அப்படியே பொருந்தும். ஆனால் அதனால் தொடவே கூடாது என்றால் அவர் தன் போனையும் தூக்கிப் போட வேண்டியிருக்கும், ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவதே ஓப்பன் சோர்ஸான லினக்ஸ் கெர்னல்தான். கல்லூரியில் சொன்னதில் இருக்கும் கோளாறு வேறு மாதிரி. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது உண்மை, அதிலிருந்து யாரோ பார்க்கிறார்கள் என்ற முடிவுக்குத் தாவிவிட்டார்கள். தெருவில் கிடக்கும் கல்லை யார் வேண்டுமானாலும் எடுத்து ஓரமாகப் போடலாம், எத்தனை நாள் கிடக்கிறது என்று பாருங்கள்.

2024 மார்ச்சில் நடந்த எக்ஸ்இசட் விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கேள்வியின் இரண்டு பக்கமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி, ஜிப் மாதிரி. கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும். அதை நெடுங்காலம் பராமரித்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின், அநேகமாகத் தனி ஆளாக, சம்பளம் எதுவும் இல்லாமல். 2021 கடைசியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சின்னச் சின்ன பேட்ச், அதாவது கோடுக்கான திருத்தம், அனுப்ப ஆரம்பிக்கிறார். நல்ல பேட்ச்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. 2022-இல் புதிதாகச் சில பெயர்கள் மெயிலிங் லிஸ்டில் தலைகாட்டுகின்றன. இவர்கள் கோடு எதுவும் எழுதவில்லை, புகார் மட்டும்தான். பேட்ச் இவ்வளவு நாளாகக் கிடக்கிறதே, பராமரிப்பவருக்கு ஆர்வம் போய்விட்டதா, வேறு ஆளிடம் கொடுத்துவிடலாமே என்று மாற்றி மாற்றி நச்சரிக்கிறார்கள். காலின் மிகப் பொறுமையாகப் பதில் எழுதினார். ஆர்வம் போகவில்லை, நீண்ட நாளாக மனநலப் பிரச்சினை இருப்பதால் முன்போல் நேரம் கொடுக்க முடியவில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் மனத்தில் வையுங்கள் என்பது அதன் சாரம். அந்தப் பதிலை இன்று போய்ப் படித்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. நச்சரித்த பெயர்களுக்குப் பின்னால் இருந்ததும் ஜியா டானின் கூட்டம்தான் என்பதே பெரும்பாலானவர்களின் கணிப்பு. எப்படியோ 2023-க்குள் புதிய வெளியீடுகளைப் போடும் அதிகாரம் ஜியா டான் கைக்கு வந்துவிட்டது.

அந்த அதிகாரத்தை வைத்து எக்ஸ்இசட்டுக்குள் ஒரு பின்கதவை, அதாவது ரகசியத் திருட்டு வழியை, வைத்துவிட்டார்கள். அதை வைத்த விதத்தில் திருடனின் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. சுருக்கும் கருவியைச் சோதிக்க வேண்டுமென்றே கெடுத்து வைத்த கோப்புகள் தேவைப்படும், அவற்றை யாரும் திறந்து படிக்க மாட்டார்கள், படித்தாலும் புரியாது. நச்சை அதற்குள் ஒளித்து வைத்தார்கள். அதை வெளியே எடுத்து பில்டுக்குள், அதாவது கோடை ஓடும் மென்பொருளாக மாற்றும் வேலைக்குள், சேர்க்கும் ஸ்கிரிப்ட் எல்லோரும் கோடைப் பார்க்கும் கிட் ரெப்போவில் இல்லவே இல்லை, வெளியீட்டுக்காகத் தயாரித்த டார் கோப்பில் மட்டும்தான் இருந்தது. அதாவது கிட்ஹப்பில் ஆயிரம் பேர் வரி வரியாகப் படித்திருந்தாலும் அந்தக் கண்ணி கண்ணில் பட்டிருக்காது. பில்ட் ஆவது டெபியன் அல்லது ரெட் ஹேட் என்ற லினக்ஸ் வகைகளுக்கான பொட்டலமா, 64 பிட் இன்டெல் வகைக் கணினியா என்றெல்லாம் பார்த்து, ஆமென்றால் மட்டுமே வேலை செய்யும்.

குறி எக்ஸ்இசட் அல்ல, எஸ்எஸ்ஹெச். தூரத்தில் இருக்கும் சர்வரில் நாம் நுழையும் வாசல் அது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் எக்ஸ்இசட்டைப் பயன்படுத்துவதே இல்லை, அப்புறம் எப்படி? டெபியன், ஃபெடோரா போன்றவர்கள் சிஸ்டம்டி என்ற சேவைக்குத் தகவல் அனுப்புவதற்காக எஸ்எஸ்ஹெச்சில் தாங்களாக ஒரு ஒட்டுப் போட்டிருந்தார்கள். அந்த ஒட்டு சிஸ்டம்டியின் லைப்ரரியை இழுத்து வருகிறது, அந்த லைப்ரரி எக்ஸ்இசட்டின் லைப்ரரியை இழுத்து வருகிறது. கல்யாணத்துக்கு அழைத்தவரோடு வந்தவரின் கூட வந்தவர் நகைப் பெட்டி இருக்கும் அறைக்குள் போய்விட்ட கதை. இது முழுதாகப் பரவியிருந்தால் தங்கள் சாவியை வைத்திருப்பவர்கள் உலகத்தில் பாதிக்கப்பட்ட எந்த சர்வருக்குள்ளும் நுழைந்து எந்தக் கட்டளையையும் ஓட்டியிருக்கலாம்.

பரவவில்லை. காரணம் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை எழுதுகிறவர்களில் ஒருவர், மைக்ரோசாஃப்டில் வேலை. அவர் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் இல்லை. டெபியனின் சோதனைப் பதிப்பில் வேறு எதற்கோ வேக அளவீடு எடுத்துக்கொண்டிருந்தபோது எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அதிகமாக சிபியுவைத் தின்கிறது என்று கவனிக்கிறார். சுமார் 0.3 விநாடியில் முடிய வேண்டியது 0.8 விநாடி ஆகிறது. அரை விநாடி! நானாக இருந்தால் நெட்வொர்க் மேல் பழியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். அவர் விடவில்லை, நூல் பிடித்துக்கொண்டே போய் எக்ஸ்இசட் வரை வந்துவிட்டார். மார்ச் 29, புனித வெள்ளியன்று, பொது மெயிலிங் லிஸ்டில் போட்டு உடைத்தார். நச்சு இருந்த 5.6.0 வெளிவந்து அப்போது சுமார் ஐந்து வாரம், 5.6.1 வந்து சுமார் மூன்று வாரம்தான். டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் அடுத்த பதிப்புக்கான கிளை, ஓப்பன்சூசே டம்பிள்வீட், காலி போன்றவற்றில் நுழைந்திருந்தது. சர்வர்களில் ஓடும் நிலையான பதிப்புகளுக்கு வந்து சேரவில்லை.

இதை ஓப்பன் சோர்ஸின் தோல்வி என்பவரும் உண்டு, வெற்றி என்பவரும் உண்டு. என் கணக்கு இது: ஆயிரம் கண்கள் பார்க்கும் என்ற நம்பிக்கை இரண்டு வருடம் படுத்துத் தூங்கியது. ஆனால் சந்தேகம் வந்த ஒரே ஒரு ஆளுக்கு எல்லாக் கதவும் திறந்திருந்தது. மூலக் கோடு கையில் இருந்தது, பில்ட் ஸ்கிரிப்டைப் பிரிக்க முடிந்தது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் அவர் கம்பெனிக்கு ஒரு டிக்கெட் போட்டிருப்பார், மூன்றாவது நாள் "ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா" என்று பதில் வந்திருக்கும்.

அதனால்தான் எனக்கு ஓப்பனா மூடியதா என்ற வாதத்தில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. எழுதுவதற்கு ஆள் எப்போதும் கிடைப்பார்கள், வருகிறதை உட்கார்ந்து படிக்கிற ஆளுக்குத்தான் பஞ்சம். ஒரு ப்ராஜெக்டில் அந்தப் படிக்கிற ஆள் யார், எத்தனை பேர், அவர்கள் களைத்துப் போயிருக்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இந்தக் களைப்பு புதிதல்ல. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் வெடித்தது நினைவிருக்கலாம். இணையத்தில் பெரும்பங்கு பூட்டுப் போடப் பயன்படுத்திய ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இரண்டு வருடமாக ஒரு ஓட்டை கிடந்தது. அதுவரை அந்தத் திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர் என்று தெரிந்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். வங்கிகள், பெரிய வணிகத் தளங்கள், அரசு வலைத்தளங்கள் எல்லாம் அதன் மேல்தான் ஓடின. அப்புறம் லினக்ஸ் ஃபவுண்டேஷன் பெரிய கம்பெனிகளைத் திரட்டிப் பணம் போட்டது, ஓப்பன்எஸ்எஸ்எல் நிலைமை தேறியது. எக்ஸ்இசட் மாதிரிச் சின்னவை யார் கண்ணிலும் படவில்லை.

கர்ல் கதை இன்னும் நன்றாக இருக்கும். ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998-இல் அந்தப் பெயரில் வெளியிட்ட, இணையத்தில் தரவை அனுப்பவும் எடுக்கவும் உதவும் கருவி, இன்று போன், கார், டிவி என்று எதற்குள்ளும் இருக்கிறது. 2021 டிசம்பரில் ஜாவா உலகத்தில் பலரும் பயன்படுத்தும் லாக்4ஜே என்ற லைப்ரரியின் ஓட்டை வெளியானது. அடுத்த மாதமே அமெரிக்காவின் பெரிய 500 கம்பெனிகளில் ஒன்றிடமிருந்து ஸ்டென்பெர்குக்கு மெயில்: உங்கள் தயாரிப்பில் லாக்4ஜே இருக்கிறதா, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், 24 மணி நேரத்துக்குள் பதில் தரவும். கர்ல் எழுதப்பட்டது சி மொழியில், ஜாவா வாசனையே கிடையாது. அந்தக் கம்பெனி அவருக்கு ஒரு காசு கொடுத்ததில்லை. சப்போர்ட் ஒப்பந்தம் போட்டால் உடனே பதில் சொல்கிறேன் என்று எழுதினார். மறுபதிலில் அவரை "டேவிட்" என்று விளித்தார்கள், பெயரைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. இவர் அடுத்த மெயிலை "கோலியாத்" என்று தொடங்கினார். சிரிப்புதான், ஆனால் அந்த மெயிலை அனுப்பிய ஊழியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் ஒரு எக்செல் ஷீட்டைக் கொடுத்து எல்லா வெண்டருக்கும் அனுப்பச் சொல்லியிருப்பார்கள். வெண்டர் என்ற சொல்லில்தான் பிழை. பல ஓப்பன் சோர்ஸ் திட்டங்கள் பயன்படுத்தும் எம்ஐடி லைசென்சை ஒருமுறையாவது கடைசிவரை படியுங்கள், பெரிய எழுத்தில் போட்டிருக்கும்: உள்ளது உள்ளபடி தருகிறோம், எந்த உத்தரவாதமும் கிடையாது. இதை ஏற்றுக்கொண்டுதான் நாமெல்லாம் இன்ஸ்டால் செய்கிறோம்.

இதில் இலவசம் என்ற சொல் செய்த கெடுதலும் கொஞ்சம் இருக்கிறது. ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் சுதந்திரத்துக்கும் ஃப்ரீ என்ற ஒரே சொல்லாக இருப்பதால், ஃப்ரீ சாஃப்ட்வேர் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் பல வருடங்களாக விளக்கிக்கொண்டே இருக்கிறார். தமிழில் அந்தத் தொல்லை வராமல் கட்டற்ற மென்பொருள் என்று அழகான சொல்லை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். நாம் அதை விட்டுவிட்டு "ஃப்ரீ சாஃப்ட்வேர்" என்றே சொல்லி, ஃப்ரீ என்றால் ஓசி என்று புரிந்துகொள்கிறோம்.

சரி, மேனேஜருக்கு வருவோம். அவர் சொன்ன "வீட்டில் உட்கார்ந்து" என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. லினக்ஸ் கெர்னலுக்கு வரும் மாற்றங்களில் பெரும்பகுதி இன்டெல், ரெட் ஹேட், கூகுள் போன்ற கம்பெனிகளில் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்களுடையது. போஸ்ட்கிரெஸும் அப்படித்தான், ஒரே கம்பெனியின் கையில் இல்லாமல் பல கம்பெனி ஆட்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். அவற்றை நம்புவதில் எனக்குத் தயக்கமே இல்லை. தயக்கம் வருவது உங்கள் ப்ராஜெக்டின் லாக் ஃபைலில், அதாவது சேர்ந்துவரும் எல்லாப் பொட்டலங்களின் பட்டியலில், பெயர்கூடத் தெரியாமல் கிடக்கும் ஆயிரத்துச் சொச்சம் பொட்டலங்களில். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரிக் கோடை, அதாவது ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளி சேர்க்கும் ஃபங்ஷனை, அதன் ஆசிரியர் என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பொட்டலக் கிடங்கிலிருந்து கோபத்தில் எடுத்துவிட்டார். உலகம் முழுக்க பில்ட்கள் விழுந்தன. விழுந்தவர்களில் பலருக்கு அப்படி ஒன்றைப் பயன்படுத்துகிறோம் என்பதே அன்றுதான் தெரியும்.

ஆகவே மேனேஜரிடம் வாதாடாமல் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ப்ராஜெக்ட் நேரடியாகச் சேர்த்திருக்கும் லைப்ரரிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் கடைசி வெளியீடு எப்போது, கடந்த ஒரு வருடத்தில் மாற்றங்களை ஏற்றது எத்தனை பேர், திறந்திருக்கும் இஷ்யூக்களுக்கு, அதாவது பயனர்கள் பதிந்த பிரச்சினைகளுக்கு, மனிதர் யாராவது பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். ஒரு மதியத்தில் முடிந்துவிடும். வெளியீடு பழசாக இருப்பதே கெட்டது என்று எண்ண வேண்டாம், வேலை முடிந்துபோன லைப்ரரிகளும் உண்டு, அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது. வெர்ஷனைப் பூட்டி வையுங்கள். பாதுகாப்புத் திருத்தம் அல்லாத புதிய வெளியீட்டை வந்த அன்றே ஏற்றாதீர்கள், எக்ஸ்இசட்டில் பலரைக் காப்பாற்றியது அந்தச் சோம்பேறித்தனம்தான். முடிந்தால், ஒரே ஆள் தாங்கிக்கொண்டிருக்கும் லைப்ரரிக்குக் கம்பெனி கணக்கிலிருந்து மாதம் ஏதாவது தொகை அனுப்ப மேனேஜரைக் கேட்டுப் பாருங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் கேட்டேன். எந்த வெண்டர் கோடில் பதிவது என்று கணக்குப் பிரிவு நான்கு மாதம் யோசித்தது, அதற்குள் நான் வேலை மாறிவிட்டேன்.

இனி பங்களிப்பு. இதில் கொஞ்சம் கடுமையாகப் பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2020 அக்டோபரில் டிஜிட்டல்ஓஷன் கம்பெனி நடத்திய ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வில் நான்கு புல் ரெக்வஸ்ட், அதாவது என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை, அனுப்பினால் டி-ஷர்ட் என்று இருந்தது. அதை எப்படிச் சுலபமாகச் செய்வது என்று காட்டிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பினவர்கள் ஏராளம், அவர்களில் நம் நாட்டு மாணவர்கள் நிறையப் பேர். பராமரிப்பாளர்கள் கதறியதில் அந்த மாதமே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த ரெப்போக்கள் மட்டும்தான் கணக்கு என்று ஆக்கினார்கள். 2024-இல் எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்தின் ரெப்போவிலும் இதே கூத்து. வகுப்பு வீடியோவில் காட்டியதை அப்படியே செய்து தங்கள் பெயரை ரீட்மீயில் சேர்த்து வரிசையாக அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் திறந்து, பார்த்து, மூட வேண்டும். அனுப்பினவருக்கு இரண்டு நிமிடம், அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது நூறாவது. இப்போது ஏஐயும் சேர்ந்துவிட்டது. இல்லாத ஓட்டையை அழகான ஆங்கிலத்தில் நான்கு பக்கத்துக்கு விவரித்து கர்லுக்கு அறிக்கை வருகிறது என்று ஸ்டென்பெர்க் 2025-இல் வெளிப்படையாகவே புலம்பினார். எழுதும் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்றாகிவிட்டது, படிக்கும் செலவு மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆகவே தொடக்கத்தில் கோடு எழுதவே வேண்டாம். நீங்கள் வேலையில் தினமும் தொடும் லைப்ரரி ஒன்றை எடுங்கள், பிரபலமானதைத் தேடிப் போகாதீர்கள். அதில் மூடிய இஷ்யூக்களை ஒரு வாரம் படியுங்கள். அந்த ஊரில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், எதற்கு எரிச்சல் வருகிறது என்பது பிடிபடும். அப்புறம் திறந்திருக்கும் இஷ்யூக்களில் "எனக்கும் வருகிறது" என்று பத்துப் பேர் எழுதி, எப்படி வரவைப்பது என்று ஒருவரும் சொல்லாத ஒன்று நிச்சயம் இருக்கும். அதை உங்கள் கணினியில் வரவையுங்கள். இருபது வரிக்குள் சுருக்குங்கள். எந்த வெர்ஷனில் இல்லை, எந்த வெர்ஷனில் தொடங்கியது என்று மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் போட்டுக் கண்டுபிடியுங்கள். அதை எழுதிப் போட்டால் பராமரிப்பவருக்கு ஒரு சாயங்காலம் மிச்சம். நிறையப் பேட்ச்களைவிட இது மதிப்புள்ளது என்பது என் அபிப்பிராயம்.

மொழி தெரிந்ததே ஒரு தகுதி என்பதையும் மறந்துவிடாதீர்கள். கொ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி நினைவில் க முதலில், ஒகரக் குறி அதற்குப் பின்னால். திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிளந்து கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வந்து உட்கார வேண்டும். ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் லிப்ரேஆஃபிஸிலும் இதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி, அதன் முதன்மை ஆசிரியர் பெஹ்தாத் எஸ்ஃபாபோத் ஈரானில் பிறந்தவர். தமிழ் தப்பாகத் தெரிந்தால் அதை எழுதுகிறவர்களில் பலருக்கு அது தப்பு என்றே தெரியாது, உங்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். நேர மண்டலத் தகவல் தளமும் இப்படித்தான். 2006 ஏப்ரலில் இலங்கை தன் நேரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளி இந்திய நேரத்தோடு சேர்ந்துகொண்டபோது, உலகத்துக் கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பில் யாரோ சேர்த்த ஒரு வரி வழியாக.

என் முதல் பேட்ச் எப்படிப் போனது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன தேதி லைப்ரரியில் தமிழ்க் கிழமைப் பெயர் ஒன்றில் ஒற்றுப்பிழை. திருத்தி அனுப்பினேன். என் எடிட்டர் சேவ் செய்யும்போது முழுக் கோப்பையும் தன் விருப்பப்படி அழகுபடுத்தியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஓர் எழுத்தைத் திருத்தப் போய் நானூறு வரி மாற்றம். அந்த மனிதர் திட்டவில்லை, "இதில் நான் எதைப் படிக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். காது சிவந்துவிட்டது. மறுபடி அனுப்பியது ஒரே வரி, கூடவே ஒரு டெஸ்ட். மூன்று வாரம் கழித்து உள்ளே போனது.

ரெஸ்யூமேவுக்கு அது போதுமா என்றால், நான் ஆள் எடுக்கும்போது கிட்ஹப்பில் எத்தனை நாள் பங்களித்தீர்கள் என்று காட்டும் பச்சைக் கட்டங்களை எண்ணுவதில்லை. ஒரு இஷ்யூவின் லிங்க் போட்டிருந்தால் திறந்து படிப்பேன், நீங்கள் எழுதியதற்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்தது, அதற்கு நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று பார்ப்பேன். அந்த ஒரு லிங்க் இருந்தால் இன்டர்வியூவில் பாதி நேரம் அதைப் பற்றித்தான் பேசுவோம்.